தேசத்தந்தையின் முகம்

“ஏப்பா அருளு, இந்த மொகத்தப் பாத்து இன்னிக்கு வர்ற ஆபீசரு ஓகே சொல்லீருவாரா?”

மேசையில் ஒரு டி-ஷர்ட் விரித்திருந்தது. அதன் நெஞ்சில் தொப்பி வைத்த ஒரு பெரியவர் முறைத்துக்கொண்டிருந்தார். எங்கோ நடுக்கடலில் இருக்கும் குட்டித் தீவு ஒன்றுக்குச் சுதந்திரம் வாங்கித் தந்தவர். சுதந்திரப் பொன்விழாவுக்கு நாடே அவர் படம் போட்ட டி-ஷர்ட் அணியப்போகிறது. ஆர்டர் வீரபாண்டியில் ரத்தினசாமியின் பிரிண்டிங் பட்டறைக்கு வந்திருந்தது.

“சொல்லீருவாருங்க மொதலாளி,” என்றான் டிசைனர் அருள்செல்வன். குரல் ஏனோ உள்ளே போயிருந்தது.

“தலைவரு படம்னு அவுங்களுக்கு மிச்சமிருக்கறதே பழைய நூஸ்பேப்பர்ல வந்த அந்த ஒரு போட்டோதானாம். இமெயில்ல வந்தப்ப மூஞ்சி பூரா மை அப்புன மாதிரியில்ல இருந்துச்சு!”

“கம்ப்யூட்டர்ல கொஞ்சம் சரி பண்ணுனேனுங்க.”

வாசலில் கார் வந்து நின்றது. தீவு நாட்டின் பண்பாட்டுத் துறை அதிகாரி இறங்கினார். நரைத்த தலை, கறுப்புக் கோட்டு. ஆபீஸ் சித்ரகலா அவரை உள்ளே அழைத்து வந்தாள்.

அதிகாரி டி-ஷர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ரத்தினசாமி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். இந்த ஆர்டரும் கைநழுவினால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

திடீரென்று அதிகாரி விறைப்பாக நின்று டி-ஷர்ட்டுக்கு ஒரு சல்யூட் அடித்தார். கண் கலங்க, ஆங்கிலத்தில் மளமளவென்று ஏதோ சொன்னார்.

“என்னம்மணி சொல்றாரு?” என்று சித்ரகலாவைக் கேட்டார் ரத்தினசாமி.

“சின்னப் பையனா இருக்கறப்ப தலைவரத் துறைமுகத்துல பாத்தாராமுங்க. அச்சு அசல் இதே மொகமாமா! ‘இந்தப் பார்வைக்குப் பயந்துதான் வெள்ளைக்காரன் கப்பலேறுனான்’ங்கறாரு. இனி அவுங்க ரூவா நோட்டு, பாடப் புஸ்தகம், தலைநகரத்துச் செலை, எல்லாத்துக்கும் இதுதானாமுங்க.”

அதிகாரி அருள்செல்வனின் கையை நெடுநேரம் குலுக்கிவிட்டுக் கிளம்பினார்.

கார் மறைந்ததும் ரத்தினசாமி அவன் தோளைத் தட்டினார். “கெட்டிக்காரன்டா! அந்த மைக்குள்ளாற இருந்து கண்ணு, மூக்கெல்லாம் எப்புட்றா எடுத்தே?”

“அதுல ஒண்ணுமே எடுக்க முடியலீங்க.” அருள்செல்வன் தலையைச் சொறிந்தான். “காங்கேயத்துக்கு நான் பொண்ணு கேட்டுப் போனப்ப எங்க மாமனாரு வாசல்லயே மறிச்சு நின்னாரு பாருங்க... அந்த மொகத்தை அப்படியே வரஞ்சுட்டேனுங்க.”