உள்ளேயே இருக்கும் கட்டளைகள்

மாசானத்தின் பிடரியில் பதித்த கணினிச் சில்லில் மூன்று கட்டளைகள் பிறவிக்குணம் மாதிரி உள்ளேயே இருந்தன: அடி, உதை, ஆளை மாற்று. மற்றதெல்லாம் சொல்லும்போது நெட்வொர்க் வழியாக இறங்கும். முதலாளி அண்ணாச்சி வாய் திறந்தால் மாசானத்தின் கை கிளம்பிவிடும். அவனுடைய சம்மதத்தை யாரும் கேட்டதில்லை.

வியாபாரிகள் சங்கத் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற மச்சினன் தவசியை அண்ணாச்சி வெங்காயக் குடோனுக்கு வரவழைத்தார். சில்லின் சிக்னலைப் போலீஸ் மோப்பம் பிடிக்காமலிருக்க, இந்த முறை ஏரியா செல்போன் டவரை முதலில் அணைக்கச் சொன்னார். பிறகு, "அடி" என்றார்.

இரண்டு விலா எலும்புகள் முறிந்ததும் தவசிக்கு ஜனநாயகம் புரிந்தது. "வாபஸ் வாங்கிக்கிடுதேன் அத்தான்."

"அப்படி வா வழிக்கு. மாசானம், நிறுத்துலே."

மாசானத்தின் கை நிற்கவில்லை. "'நிறுத்து' உள்ள இல்ல அண்ணாச்சி. வெளிய இருந்து எறங்கணும். டவரைப் போடச் சொல்லுங்க."

"போட்டா போலீசு பாத்துரும்லா, கூறுகெட்டவனே."

"அப்ப சின்னவரு செத்துருவாரு."

தவசியின் காதிலிருந்து ரத்தம் வந்தது. மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று அண்ணாச்சிக்கு வியர்த்தது. "சரி, ஆளை மாத்து."

"யாரை அண்ணாச்சி?"

குடோனில் இருந்ததே மூன்று பேர்தான். அண்ணாச்சி தவசியைப் பார்த்தார். தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"உன்னையே."

மாசானத்தின் வலது கை அவன் மூக்கிலேயே இறங்கியது. அண்ணாச்சி மச்சினனைக் கைத்தாங்கலாகக் காருக்கு நடத்திப் போனார்.

"ஆஸ்பத்திரியில இவனைச் சேத்துட்டு டவரைப் போடச் சொல்லுதேன். அதுவரை பொறுத்துக்கோலே."

"சரி அண்ணாச்சி" என்று சொல்ல மாசானம் வாயைத் திறந்தான். பல்தான் வந்தது.