உயரம் போதாது

இங்கிலாந்து, 1974. இளைஞர் கோப்பை இறுதியாட்டம் முடிந்ததும், மூன்று கோல் அடித்த நெவில் நேராக எதிரணிப் பயிற்சியாளர் லோமாக்ஸ் முன்னால் போய் நின்றான். போன வருடம் “உயரம் போதாது” என்று தபாலில் இரண்டு வரி எழுதி அவனை அணியிலிருந்து கழற்றிவிட்டவர் அவர்.

“குள்ளன் போட்ட கோலை எண்ணினீங்களா சார்?”

லோமாக்ஸ் பாக்கெட்டிலிருந்து கார் சாவியை எடுத்தார்.

“உங்க லெட்டரை எங்கம்மா ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்க, தெரியுமில்ல?”

“தெரியாம என்ன? தினமும் அதுக்கு நேர் கீழதானே எனக்குத் தட்டு வைக்கிறா! வண்டியில ஏறுடா.”

நெவில் பதக்கப் பெட்டியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தான்.

“அம்மா வாசல்லயே நிப்பாங்க. தோத்ததை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமாப்பா?”