மூன்றாவது பாட்டின் நடுவே

டோர்வல் விமான நிலைய ஊழியர்கள் கார் நிறுத்துமிடத்தில் மதிய வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. ஜெயமதி ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அவள் வயலின் வாசித்த ஆல்பம் இன்றுதான் வெளியாகியிருக்கிறது. ஐரிஷ் நாட்டார் மெட்டுகளோடு அமெரிக்க மலைநாட்டு புளூகிராஸையும் கன்ட்ரி பாட்டுகளையும் கலந்த ஆல்பம். மூன்றாவது பாட்டின் நடுவே அவள் தனியாக வாசித்ததை விட்டுவைத்தார்களா, வெட்டிவிட்டார்களா என்பது அவளுக்குத் தெரியாது. பயணப்பெட்டி ஏற்றும் வேலைக்குப் போகவேண்டிய அவள் கணவன் கஜரூபன், மஞ்சள் மேலங்கியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

"வெட்டியிருந்தா என்னப்பா செய்யிறது?"

"முதல்ல கேளன்."

கஜரூபன் மூன்றாவது பாட்டைப் போடுகிறான். புல்லாங்குழல் துள்ளிக்கொண்டு தொடங்க, பான்ஜோ சடசடவென்று அதோடு சேர்ந்து ஓடுகிறது. பாடகர் கரகரத்த குரலில் ஒரு சரணத்தை முடித்து மூச்சிழுக்கிறார். இந்த இடம்தான். ஜெயமதி கண்களை மூடிக்கொள்கிறாள். வயலின் வருகிறது! ஐரிஷ் மெட்டில் விரைந்து, ஒரேயொரு சுரத்தில் மட்டும் அவள் மட்டக்களப்பில் பழகிய கமகமாகக் குழைந்து, மறுபடியும் மெட்டைப் பிடிக்கிறது. "நல்லாயிருக்கு, ஆனால் ஐரிஷ் இல்லையே" என்று ஒலிப்பதிவின்போது பாடகர் தயங்கிய அந்தக் குழைவும் அப்படியே இருக்கிறது.

"இருக்கு! இருக்குதப்பா!"

கஜரூபன் கதவைத் திறந்து வெளியே பாய்கிறான். வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்களைப் பார்த்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கத்துகிறான்: "என் மனைவி! இதை வாசிக்கிறது என் மனைவி!" இரண்டு பேர் நின்று, கனத்த சப்பாத்துகளால் தாரில் தாளம் தட்டுகிறார்கள். ஜெயமதி கண்ணைத் துடைத்துக்கொண்டே காரின் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிடுகிறாள்.