முப்பத்தைந்துக்கு மேல்

12-4-2003, சனி. ஒரு தவறு செய்துவிட்டேன். சின்னத் தவறுதான். ஆனால் ப்ராஜெக்ட் தேர்வில், விழுப்புரத்திலிருந்து வந்திருந்த தேர்வாளரின் கண் முன்னால் அது வெளிப்பட்டது.

எங்கள் மாலை வகுப்பு மாணவர்களின் விவரங்களைப் பதிந்துவைப்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட். வயது பதினேழிலிருந்து முப்பத்தைந்துக்குள் இருந்தால்தான் ஏற்கும்படி ஒரு வரி எழுதியிருந்தேன்.

ப்ராஜெக்டில் என் கூட்டாளி அஞ்சலாட்சிக்கு நாற்பத்து மூன்று.

என் மேல் எனக்கே நம்பிக்கை இல்லாததால் எதையும் திரும்பத் திரும்பச் சோதிப்பவன் நான். இதையும் கற்பனைப் பெயர்களாகப் போட்டுச் சோதித்தேன். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கும் வயது என்று ஒன்று உண்டு என்பது தோன்றவே இல்லை.

வகுப்பில் அவர் எல்லோருக்கும் அக்கா. துணிக்கடை வேலையிலிருந்து நேராக வருவார். நான் ஜெராக்ஸ் கடையிலிருந்து வருவேன். சேர்ந்த அன்றே எனக்கு இரண்டு கட்டளைகள் போட்டார். அவர் எழுதும் வரியில் நான் கை வைக்கக் கூடாது என்பது ஒன்று. இரண்டாவதையும் நான் இன்றுவரை மீறியதில்லை.

முதலில் என் விவரத்தைப் பதிந்து காட்டினேன். ஏறியது.

அடுத்து அவர். ஒற்றை விரலால் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி முடிக்கும்வரை தேர்வாளர் மதிப்பெண் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

சேமிக்கப் போனபோது ‘இன்வேலிட் ஏஜ்’ என்று பெட்டி முளைத்தது.

“அக்காவ மிஷினே சேத்துக்க மாட்டேங்குது!” என்றான் பின்வரிசை டோனி. லேப் முழுக்கச் சிரிப்பு.

“முப்பத்தஞ்சுன்னே போட்டுடுங்க மேடம். யாரு பாக்கப் போறா?” என்றார் தேர்வாளர்.

“வேணாம் சார். கஷ்டப்பட்டு சேத்த வயசு.”

தேர்வாளரும் சிரித்தார். உடனே முகம் மாறியது. “ப்ரோகிராம் மொத்தமும் தம்பி எழுதுனதுதானே? நீங்க சும்மா பக்கத்துல உக்காந்திருந்தீங்க?”

அவர் அப்படி முடிவு செய்துவிட்டால் அஞ்சலாட்சி தேறமாட்டார்.

என் கை தானாகவே கீபோர்டுக்குப் போனது. அஞ்சலாட்சி அதைத் தட்டிவிட்டார்.

ப்ரோகிராமைத் திறந்தார். தேடவில்லை. நேராக அந்த வரியில் போய் நின்றார். 35 என்பதை அழித்து 100 என்று போட்டார். கொஞ்சம் யோசித்து 120 ஆக்கினார்.

ஓட்டினார். ஏறியது.

டோனிதான் முதலில் கை தட்டினான். தேர்வாளர் தாளில் மதிப்பெண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பதிவானதை எல்லாம் காட்டச் சொன்னார்.

கடைசி இரண்டு வரிகள் நாங்கள்தான். கதவு எண், தெரு, முத்தியால்பேட்டை, எல்லாம் ஒன்றே.

“இதோ இன்னொரு தப்பு. தம்பியோட விலாசமே உங்களுக்கும் ஏறியிருக்கு பாருங்க. பழசு அழியல.”

“அது தப்பில்ல சார்” என்று சொல்லிவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார். வகுப்பில் என்னை எப்போதும் ‘நீங்க’ என்பவர். இரண்டாவது கட்டளையை அவரே உடைத்தார்.

“சொல்லேன்டா. அதான் மார்க்கு போட்டுட்டாரே.”

சொன்னேன். டோனி திறந்த வாயை மூடவில்லை.

நாளைய வேலை: மற்றப் பக்கங்களிலும் வயது வரம்பை மாற்ற வேண்டும். பிறகு உளுந்து ஊறவைத்து இட்லிக்கு அரைக்க வேண்டும். அம்மாவுக்கு அடுத்த செமஸ்டர் பாடம் படிக்க வேண்டுமாம்.