நூற்று நாற்பதாவது தேதி

"ஐயோ சார், நூத்தி நாப்பது புகாருக்கும் இன்னிக்குத் தேதியே வுழுந்துடுச்சு!"

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அன்புக்கரசி அழாத குறைதான். விருத்தாசலத்தில் அந்தப் பீங்கான் கம்பெனியில் எது பழுதானாலும் அவளிடம்தான் சொல்ல வேண்டும். அவள் கம்ப்யூட்டரில் புகாராக ஏற்றுவாள். புகார்களைக் கவனிக்கும் பொறுப்பாளர்களை மாற்றியிருப்பதாகக் காலையில் உத்தரவு வந்தது. ஒவ்வொன்றாக மாற்றப் பொறுமையில்லாமல், எல்லாப் புகாரையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் பெயரை மாற்றிவிட்டாள். தேதிக் கட்டத்திலும் டிக் விழுந்திருந்தது. பழைய பெயர், பழைய தேதி இரண்டும் போயே போச்சு.

"பேக்கப் சிடி?" என்றார் இன்ஜினியர் பழமலைநாதன்.

"ரெண்டு மாசமா எடுக்கல சார்."

வாசல் பெஞ்சில் சூளைத் தொழிலாளி சுப்புராயன் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். வெள்ளிக்கிழமை சூளைக் கதவு தானாகத் திறந்து கை வெந்துவிட்டது. சரியாகப் பூட்டவில்லை என்று அவன்மீதே பழி. நாலு மணிக்கு விசாரணை. வேலையே போகலாம்.

"கதவுக் கொக்கி ஆடுதுன்னு முன்னாடியே சொன்னேனேம்மா. நீதான ஏத்துன?"

"ஏத்துனேண்ணா. ஆனா இப்ப இன்னிக்குத் திங்கக்கிழமைத் தேதியத்தான் காட்டுது. கை வெந்தப்புறம் சொன்ன மாதிரி இருக்குதே!"

"வூட்டுல என்னான்னு சொல்லுவேன்?" என்றான் அவன்.

பழமலைநாதன் அவன் கைக்கட்டைப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"புகார் ஏத்துனதும் பொறுப்பு இன்ஜினியருக்குத் தானா ஒரு மெயில் போகுமில்ல? அதுல பழைய தேதி இருக்கும். வாங்கிட்டு வரேன்."

அடுத்த மாதம் மேனேஜராகப் போகிற மனுஷனுக்கு எதற்கு இந்தத் தலைவலி? ஆனாலும் பிரிவு பிரிவாக அலைந்து, மெயில்களைப் பிரிண்ட் எடுத்து வந்தார். அவர் வாசிக்க வாசிக்க அவள் தேதிகளைத் தட்டினாள். வாங்கி வைத்த டீ ஆடை கட்டியது. மூன்றரைக்குள் நூற்று முப்பத்தொன்பது முடிந்தது.

"சூளைக் கதவு மட்டும் பாக்கி சார். சூளை இன்ஜினியரு அந்த வாரம் லீவுல இருந்தாராம். அவருக்குப் பதிலா யாருக்கு மெயில் போச்சோ?"

"ம்."

"யாருக்குப் போயிருந்தாலும், குடுத்தா அவங்கதான மாட்டுவாங்க? தானா வந்து குடுப்பாங்களா சார்?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பழமலைநாதன் அவள் நாற்காலியில் உட்கார்ந்து என்னவோ திறந்தார். பிரிண்டர் கரகரத்தது. வந்த தாளைச் சுப்புராயனின் நல்ல கையில் கொடுத்தார்.

அன்புக்கரசி எட்டிப் பார்த்தாள். தேதி, விபத்துக்குப் பதினோரு நாள் முந்தியது. பெறுநர்: பழமலைநாதன்.

"சார், உங்களுக்கு...?"

"காலையிலேயே தெரியும்மா. நான்தான் அப்ப அதைத் திறந்தே பாக்கல. ஒத்துக்கத் தைரியம் வர்றதுக்குத்தான் நூத்தி முப்பத்தொம்பது தேதி ஆச்சு."