பதினைந்தாவது ஆள்

"எடுத்துக்கங்க, கூச்சப்படாதீங்க. சர்க்கரை தூவினது," என்று டோனட் பெட்டியை நீட்டினாள் நடீன் பர்டிக். 213-ஆம் அறை வாசலில் நின்ற லாரி டிரைவர் கெல்வின் ஒன்றை எடுத்துக்கொண்டான். பார்த்தவர்கள் தங்கமான மனுஷி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

டோனட்டைத் தொடர்ந்து ஒரு காகிதம் வந்தது. போன வருஷத்து அல்ஜீப்ரா பரீட்சைத் தாள். மூலையில் சிவப்பு மையில் 69. பாஸ் மார்க் எழுபது.

"ஒரே ஒரு மார்க் கேட்டேன். 'நோயாளிக்குக் காய்ச்சல் குறையலைன்னா நீங்களே ஒரு டிகிரி குறைச்சு எழுதிப்பீங்களா, மிஸஸ் பர்டிக்?'னு முப்பது பேர் முன்னாடி கேட்டான் அந்தாளு. மொத்த கிளாஸும் சிரிச்சுது. இந்த ஹாஸ்லெட் கிட்டயா படிக்கப் போறீங்க?"

கெல்வின் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "வேற என்னங்க வழி?"

"எதுத்த ரூம். அதே பாடம், அதே நேரம். டிரெவின்யோ டீச்சர் பத்து தடவை கேட்டாலும் முகம் சுளிக்காம சொல்லித் தருவாங்க. அஞ்சு எடம் காலியா இருக்கு."

முதியோர் இல்லத்தில் பதினாறு வருஷமாக உதவியாளராக இருப்பவள் நடீன். நர்ஸ் படிப்பில் சேர அல்ஜீப்ரா தேறியாக வேண்டும். கல்லூரி ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான் தரும். இரண்டை ஹாஸ்லெட் விழுங்கிவிட்டார். இது கடைசி.

அப்படியிருந்தும் தெரிந்தேதான் மறுபடி அவர் வகுப்பில் பெயர் கொடுத்திருந்தாள். முதல் வார வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதினைந்து பேர் இல்லையென்றால், கல்லூரி அந்த வகுப்பைக் கலைத்துவிடும். ஹாஸ்லெட் வகுப்பில் இருந்தது அவளையும் சேர்த்துப் பத்தொன்பது பேர்.

"பேசாம நீங்க மட்டும் அந்தப் பக்கம் போயிடலாமே?" என்றான் கெல்வின்.

"நான் ஒருத்தி போனா அவனுக்கு என்ன வலிக்கும்? ஆளே இல்லாம அந்த ரூம்ல அவன் நிக்கணும். அதை நான் பார்க்கணும்."

வியாழக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் டிரெவின்யோவைப் பிடித்தாள். காரின் டிக்கிதான் அந்தப் பெண்ணுக்கு அலுவலகம். ஸ்டேப்ளர், விடைத்தாள் கட்டு, மாற்றுச் செருப்பு, எல்லாம் அதற்குள் இருந்தன.

"இதையெல்லாம் உங்க ரூம்ல வச்சுக்கக் கூடாதா டீச்சர்?"

"ரூமா? நான் பார்ட் டைம் ஆளுங்க. 214 சாவிகூட என்கிட்ட கிடையாது, வாட்ச்மேன் வந்து திறக்கணும். பர்மனென்ட் ஆளுங்களுக்குத் தலைக்கு அஞ்சு கிளாஸ் கொடுத்தது போக மிச்சம் மீதிதான் எங்களுக்கு," என்று டிரெவின்யோ சிரித்தாள். நடீனை டிக்கி விளிம்பில் உட்காரவைத்து, இரண்டு வருஷமாகப் பிடிபடாத ஒரு கணக்கை இரண்டே நிமிஷத்தில் புரியவைத்தாள். நடீனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது ஹாஸ்லெட் தன் பெரிய சாவிக்கொத்தைச் சலங்கை மாதிரி குலுக்கிக்கொண்டு கடந்து போனார். இரண்டு பேரையும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் கெல்வினையும் சேர்த்து நான்கு பேர் 214-க்கு மாறிவிட்டார்கள். மீதி பதினைந்து. ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, நூலகக் கம்ப்யூட்டரில் நடீன் தன் பெயரையும் எடுத்து எதிர் வகுப்பில் போட்டாள்.

"ஒழிஞ்சுது சனியன்!" என்று வாய்விட்டே சொன்னாள். நூலகர் நிமிர்ந்து பார்த்தார்.

திங்கட்கிழமை 213 இருட்டாக இருந்தது. கதவில் 'வகுப்பு ரத்து' என்ற காகிதம். நடீன் அதை இரண்டு தடவை படித்தாள். பதினாறு வருஷத்தில் எந்தச் சம்பள உயர்வும் அவளுக்கு அத்தனை சந்தோஷம் தந்ததில்லை.

214-இல் முன்வரிசையில் உட்கார்ந்து, சீவிய பென்சில்களை அடுக்கிவைத்தாள். பின்னாலிருந்து கெல்வின் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். வகுப்பு தொடங்க வேண்டிய ஒன்பது மணியும் தாண்டியது. டீச்சரைக் காணோம்.

ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே டிரெவின்யோ ஒரு அட்டைப்பெட்டியை டிக்கியில் வைத்து மூடினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினாள். கார் கிளம்பி வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

'பாடம் எடுக்காமல் இவள் எங்கே போகிறாள்?' என்று நடீன் யோசிக்கும்போதே, வராந்தாவில் சாவிக்கொத்துக் குலுங்கும் சத்தம் கேட்டது.

ஹாஸ்லெட் உள்ளே வந்து காபிக் கோப்பையை மேஜைமேல் வைத்தார்.

"குட் மார்னிங். என் கிளாஸ் ஒண்ணு கலைஞ்சுபோச்சு. பர்மனென்ட் ஆளுக்கு அஞ்சுல ஒண்ணு குறைஞ்சா, பார்ட் டைம் ஆளோடதை எடுத்துக் கொடுத்துடணும், அதான் இங்க ரூல். இனிமே இது என் கிளாஸ்."

"சார், வேற கிளாஸுக்கு மாறலாமா?" கெல்வின் கையைத் தூக்கினான்.

"எல்லாம் நிரம்பிப்போச்சு. இருக்கறது இது ஒண்ணுதான்."

வருகைப் பட்டியலில் மேலிருந்து கீழே வந்த அவர் விரல் ஒரு பெயரில் நின்றது. தலையை நிமிர்த்தி முன்வரிசையைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அடடே, மிஸஸ் பர்டிக்! என்னைத் தேடிக்கிட்டு இங்கயும் வந்துட்டீங்களா?"