உயர்த்திக் கட்டிய கொடி

சுபா மேலே வருவதற்குள் உஷாராணி மொட்டைமாடிக் கொடியை அவிழ்த்து, இரண்டு விரற்கடை ஏற்றிக் கட்டினாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

சுபாஷிணிக்குப் பத்து வயது. தசைகளில் வீக்கம் வரும் நோய். முழங்கையிலும் தோளிலும் தோலுக்கடியில் சுண்ணாம்பு கல்கல்லாய்த் திரண்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, எட்டி எட்டி ஈரத்துணியைக் கொடியில் போட்டாள்.

பக்கத்து வீட்டு ருக்மிணி மாமிக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லியாயிற்று. சுபா கீழே இறங்கியதும் நேரிலேயே கேட்டுவிட்டார்.

"மகாராணி மாதிரி உட்கார்ந்துண்டு, நோயாளிக் குழந்தையை வேலை வாங்கறியே. கொடியையாவது தாழக் கட்டப்படாதோ?"

உஷாராணி காலி வாளியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள், வெயில் தாழ்ந்ததும் வற்றல் எடுக்க மாடிக்குப் போன மாமி அப்படியே நின்றுவிட்டார். மொறமொறவென்று காய்ந்திருந்த துணிகளை உஷாராணி வாளித் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தாள்.

மறைக்க வழியில்லாமல் சொன்னாள். கட்டிகளை அறுத்தெடுத்தால் புண் ஆறுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். வாரம் ஒரு ஊசி, தினமும் மாத்திரை. நோய் அடங்கினால் மெள்ளக் கரையலாம். அதுவரை கையைத் தினமும் நீட்டித் தூக்காவிட்டால் மூட்டு மடங்கினபடியே இறுகிவிடும். எக்ஸர்சைஸ் என்றாலே சுபா கதறுகிறாள்.

"எனக்குத் தோள்வலி, துணி போட முடியலைன்னு பொய் சொன்னேன் மாமி. அன்னிக்குத்தான் தானா கையைத் தூக்கினா. ஜனவரியில இந்தக் கொடி அவ மூக்குக்கு நேரா இருந்துச்சு."

மாமி கொடியை நிமிர்ந்து பார்த்தார். சுபாவின் தலைக்கு மேலே ஒரு முழம் இருக்கும்.

அன்று சுபா வேலையை முடித்து இறங்கும்போது மாமி படியிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார். அம்மாவுக்கு உன்னைப்போல யார் உதவுவார்கள் என்று கன்னத்தைத் தடவினார்.

சுபா ஒருமுறை மேலே பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா பத்து நாளா டூர்ல இருக்கார் மாமி. அவர் ஷர்ட் மட்டும் தினமும் எப்படி ஈரமாகும்?"

"தெரிஞ்சுண்டேவா போடறே?"

"எக்ஸர்சைஸ் பண்ணவெச்சா அம்மா பாத்ரூம்ல போய் அழறாங்க. துணின்னா அழறதில்லை."